ஊசி போடாமல் மூளை ரத்த ஓட்டத்தை அளக்க

கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் ரத்தம் பளிச்சென்று தெரியப் போடும் மருந்து) ஒத்துவராத சிறுநீரக நோயாளிக்கு ஏஎஸ்எல் (ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங்) என்ற எம்ஆர்ஐ ஸ்கேன் பெரிய வரம், ஏனென்றால் கழுத்தில் ஓடும் அவருடைய ரத்தத்தையே ரேடியோ அலையால் குறியிட்டு, அது மூளைக்குப் போய்ச் சேரும்வரை பொறுத்துப் படமெடுத்து, குறியிடாத படத்திலிருந்து கழிக்கிறோம். வித்தியாசம் 1 சதவீதம் அளவுதான், தலை ஆடவே கூடாது. இரு காதோரமும் பஞ்சுத் திண்டு வைத்து அணைத்துவிடுங்கள். காபி குடித்தாரா என்றும் கேளுங்கள், கஃபீன் ஓட்டத்தைக் குறைக்கும்.

ஏஎஸ்எல்லில் ஒரு வகையான பிசிஏஎஸ்எல் முறையில் 1800 மில்லிசெகண்ட் குறியிடுங்கள். அப்புறம் நோயாளிகளுக்கு 2000 மில்லிசெகண்ட் காத்திருப்பு. குறியிடும் தளம் கழுத்திலுள்ள கரோட்டிட் நாளம் நேராக ஓடும் இடத்தில், அந்த நாளத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். எம்0 படத்தை (குறியிடாமல் எடுக்கும் அளவுகோல் படம்) விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ஓட்டத்தை எண்ணாகச் சொல்ல முடியாது.

நாளங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்து திசு மங்கியிருந்தால், ஓட்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ரத்தம் வந்து சேரத் தாமதமாகியிருக்கலாம், காத்திருப்பைக் கூட்டி மறுபடி எடுங்கள்.