விதிமுறையை மாற்றிவிட்டார்களா? பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

‘இந்த ஆப் உங்கள் படங்களை எல்லாம் எடுத்துக்கொள்ளப் போகிறது, உடனே கணக்கை அழித்துவிடுங்கள்’ என்று அடிக்கடி ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றும். அதில் இருப்பது அந்த ஆப்பின் விதிமுறையில் இருந்து எடுத்த ஒரே ஒரு வரி. அந்த வரி நேற்று சேர்த்ததா, பல வருடமாக அங்கேயே இருக்கிறதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

கோபப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராமின் புதிய விதிமுறைக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. விளம்பரம் பற்றிய பகுதியைச் சில நாட்களிலேயே அவர்கள் பழையபடி மாற்றினார்கள். ஆனால் எந்த வரி மாறியது என்று காட்டிக் கேட்டால் எந்த நிறுவனமும் எளிதில் நழுவ முடியாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரு பிரௌசர் போதும். கணக்கு வேண்டாம், காசும் வேண்டாம்.

1. அசல் பக்கத்தைப் பிடியுங்கள்

தளத்தின் அடியில் விதிமுறை, தனியுரிமைக் கொள்கை ஆகியவற்றுக்கு இணைப்பு இருக்கும். திறந்து, முகவரியைக் காப்பி செய்யுங்கள்.

2. வேபேக் மெஷினில் தேடுங்கள்

இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அந்தச் சேமிப்பை எல்லோரும் புரட்டிப் பார்க்க 2001இல் திறந்ததுதான் வேபேக் மெஷின். அங்கே உள்ள பெட்டியில் முகவரியை ஒட்டினால் ஒரு காலண்டர் வரும். நீல வட்டம் உள்ள நாட்களில் பக்கம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. பச்சை என்றால் அந்த முகவரி வேறு பக்கத்துக்குத் திருப்பி விடுகிறது. ஆரஞ்சு, சிவப்பு இரண்டும் பிழை, விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் நாட்டுக்கு நாடு வேறு விதிமுறை வைத்திருக்கும். திறந்த பதிப்பு உங்களுக்குப் பொருந்துவதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டையும் ஒப்பிடுங்கள்

மேலே ‘சேஞ்சஸ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் செய்தி வருவதற்கு முந்தைய பதிவு ஒன்று, பிந்தையது ஒன்று என்று தேர்ந்தெடுத்து ‘கம்பேர்’ அழுத்துங்கள். நீக்கியது மஞ்சளிலும் சேர்த்தது நீலத்திலும் தெரியும். சில பக்கங்களில் இது சரியாக வேலை செய்யாது. அப்போது இரண்டு உரைகளையும் தனித்தனிக் கோப்பாக வைத்து, லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் உள்ள ஆவண ஒப்பீட்டு வசதியில் போடுங்கள்.

4. நிதானமாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் தேதி. வீடியோ அழைப்பு ஆப்பான ஜூமின் விதிமுறையில் செயற்கை நுண்ணறிவு பற்றிய வரிகளுக்கு எதிராகக் குரல் எழுந்தது 2023 ஆகஸ்டில். விதிமுறையை அவர்கள் மாற்றியதோ மார்ச்சில். ஆகவே செய்தி வந்த வாரத்தை மட்டும் பார்த்தால் அந்த மாற்றம் கண்ணில் படாது. மாதக் கணக்கில் பின்னால் போய்ப் பாருங்கள்.

அடுத்து, பக்கத்தைக் கடைசி வரை படியுங்கள். ‘தீயது செய்யாதே’ என்ற கொள்கையை கூகுள் தூக்கிவிட்டது என்று 2018 மே மாதம் செய்தி பரவியது. நடத்தை விதிகளின் முன்னுரையில் இருந்து அது போனது உண்மை. அதைக் காட்டிக்கொடுத்ததும் வேபேக் பதிவுகள்தான். ஆனால் அதே ஆவணத்தின் கடைசி வரியில் அது அப்படியே இருந்தது. முன்னுரையில் இருந்து எடுத்ததே பேச வேண்டிய விஷயம்தான். ‘அடியோடு நீக்கிவிட்டார்கள்’ என்று சொன்னால் மட்டும் அது தவறு.

5. இன்றைய பதிப்பைச் சேமியுங்கள்

வேபேக் முகப்பில் ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் அதே முகவரியைப் போடுங்கள். நிறுவனம் தானே பழைய பதிப்புகளை வைத்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கேம் உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம், தன் விதிமுறை மாற்றங்களைக் காட்ட, கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் வைத்திருந்தது. 2023 செப்டம்பரில் புதிய கட்டணம் அறிவித்தபோது டெவலப்பர்கள் போய்த் தேடினால், அது அங்கே இல்லை. எதிர்ப்புக்குப் பிறகுதான் திரும்ப வைத்தார்கள்.

அப்புறம், உங்கள் சொந்த விவரம் உள்ள பக்கங்களை இங்கே சேமிக்காதீர்கள். சேமித்ததை யாரும் பார்க்கலாம்.

6. பகிருங்கள்

ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் பழைய பதிவு, புதிய பதிவு இரண்டின் இணைப்பையும் கொடுத்து, மாறிய வரியை அப்படியே மேற்கோளாகப் போடுங்கள். உங்கள் கருத்தை அதற்குக் கீழே தனியாக எழுதுங்கள்.