ஆத்தங்கரைக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால்

கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்கரைப் பராமரிப்பைப் பற்றி எதற்குப் பேசுவது என்று தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணையையோ ஆழியாறு அணையையோ பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. குளிக்க வருகிற கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பதில் கடற்கரை ஊர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். உங்கள் ஊர் ஆத்தங்கரையைச் சுற்றுலா இடமாக்க வேண்டும் என்று ஊராட்சியில் பேச்சு ஓடுகிறது என்றால், அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

செல்ஃபி பாயின்ட், அலங்கார வளைவு எல்லாம் அப்புறம். முதலில் பரிசல்காரர், மீன் பிடிப்பவர், துணி துவைக்க வருகிற பெண்கள் என்று தினமும் அந்தத் தண்ணீரில் இறங்குபவர்களைக் கூட்டிக்கொண்டு கரையோரமாக நடந்து பாருங்கள். சுழி எங்கே, எந்தப் பாறையில் பாசி, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் கழுத்தளவு இறக்கிவிடுகிற மணல் அள்ளிய குழி எங்கே என்று அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். தண்ணீர் குறைந்திருக்கும்போது ஒரு தடவை, நிறைய ஓடும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை நடப்பது முக்கியம், ஏனென்றால் கோடையில் பளிச்சென்று தெரிகிற பாறை தண்ணீர் திறந்தபிறகு கண்ணுக்கே தெரியாது.

அதை வைத்து இடத்தைப் பிரியுங்கள். கடற்கரையில் குளிக்கிற இடத்தையும் படகு வருகிற இடத்தையும் மிதவைக் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். பாதிக்குப் பாதி சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவே குளித்தால் மீட்பாளர் பார்வையில் இருக்கிறோம், தனிச் சிவப்பு பறந்தால் தண்ணீரிலேயே இறங்கக் கூடாது. இதை அப்படியே ஆற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். பரிசல் துறை தள்ளி இருக்கட்டும், மீன் வறுவல் கடைகள் மேட்டில் இருக்கட்டும். கொடிவேரிக்குப் போய்விட்டு மீன் சாப்பிடாமல் வர யாருக்கு மனசு வரும்? கடை கட்டாயம் வேண்டும், முள்ளும் எண்ணெயும் மட்டும் குளிக்கிற தண்ணீருக்கு வரக் கூடாது.

ஆற்றில் ஆபத்து மேலே இருந்து வரும். மேலே உள்ள பவானிசாகர் அணையில் உபரி நீர் திறந்தால் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுவது அதனால்தான். அணைப் பிரிவு அலுவலகத்திலிருந்து தகவல் வாங்க ஒரு ஆளை, அவர் இல்லாத நாளுக்கு இன்னொரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். தகவல் வந்ததும் டிக்கெட்டை நிறுத்தி, விசில் அடித்து, சிவப்புக் கொடி ஏற்றி, எல்லோரையும் கரையேற்ற வேண்டும். மாதம் ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள்.

எத்தனை பேரை விடலாம்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததே இந்தக் கேள்வியால்தான். மீட்பாளர் எத்தனை பேரைக் கவனிக்க முடியும், கழிப்பறை எத்தனை பேருக்குத் தாங்கும், வண்டி நிறுத்த எவ்வளவு இடம் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள், அதில் எது சின்ன எண்ணோ அதுதான் உங்கள் எல்லை.

கட்டடம் கட்டுவதற்கு முன்னால் நீர்வளத்துறையிடமும் வருவாய்த்துறையிடமும் கேட்டுவிடுங்கள், ஆற்றுப் புறம்போக்கு ஊராட்சியின் இஷ்டத்துக்கு இல்லை. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அலை உடைத்தது. அந்தப் பாதை நமக்கும் கட்டாயம் வேண்டும், ஆனால் வெள்ளக் கோட்டுக்குக் கீழே வைப்பது எதுவானாலும் கழற்றி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

குப்பையில் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது பவானி கூடுதுறை மாதிரி இடங்களில் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழைய துணி. படித்துறையிலும் உடை மாற்றும் அறை வாசலிலும் பெரிய கூண்டு வைத்து, பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்தினால் பாதி குறையும். அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்கு உலக அளவில் தருகிற நீலக் கொடிச் சான்றை 2021இல் வாங்கிய, சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் கடற்கரைக்கு, மலக்கிருமி அளவைத் தொடர்ந்து சோதிப்பது கட்டாய நிபந்தனை. நீங்களும் குளிக்கிற இடத்தில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று மாதிரி எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, முடிவை நுழைவாயில் பலகையில் எழுதிப் போடுங்கள்.

வண்டி நிறுத்தக் கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மீட்பாளர் சம்பளத்தை முதலில் கொடுங்கள். பெயிண்ட் வேலையெல்லாம் மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.