தட்டுவடை செட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் பால்

சாயங்காலம் அஞ்சு மணியானால் சேலத்துத் தெருமுனைகளில் தட்டுவடை செட் வண்டி வந்துவிடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. எனக்கு நாலாவது செட்டில்தான் கை நிற்கும். இப்போது இரண்டில் நிற்கிறது. செய்வது இவ்வளவுதான்: கிளம்ப அரை மணி முன்னால் ஒரு டம்ளர் பால், சர்க்கரை இல்லாமல்.

அரை மணி ஏன் என்றால், பசியை அடக்குவது பாலில் இருக்கும் புரதம், அது வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும். பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன் என்ற வகை, மிச்சம் வே (whey) என்ற வகை. வயிற்று அமிலம் பட்டதும் கேசீன் திரிந்து கட்டியாகிவிடும், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரியேதான், அதனால் மெதுவாகத்தான் இறங்கும். வே அப்படித் திரியாது, சீக்கிரமே சிறுகுடலுக்கு ஓடிவிடும். அங்கே புரதம் உடைந்த துணுக்குகள் குடல் சுவரில் பட்டதும் சி.சி.கே. என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்குப் 'போதும்' என்று சேதி அனுப்பும். இன்னும் கீழே ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்று இரண்டு பேர், அதே வேலைக்கு. பசியைக் கிளப்பும் கிரெலின் அடங்கும். வண்டி முன்னால் நின்றுகொண்டு பாலைக் குடித்தால் இவர்கள் வந்து சேர்வதற்குள் செட் காலி.

அளவு முக்கியம். 200 மில்லி பாலில் 6, 7 கிராம் புரதம் இருக்கும். டீயில் விடுகிற 50 மில்லியில் இரண்டு கிராம்கூடத் தேறாது. ஆவின் நீலமா பச்சையா என்று குழம்ப வேண்டாம், மாறுவது கொழுப்புதான். ஆனால் பெரிய மாயத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் 20 கிராமும் அதற்கு மேலும் கொடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

பன்னீர் செய்து மிஞ்சின தண்ணியை எங்க அக்கா "இதுதான் வே" என்று சொம்பில் எடுத்து வைப்பாள். பால் கொதிக்கும்போதே வே புரதத்தில் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிக்கொண்டு பன்னீருக்குள் போய்விடும், தண்ணியில் இருப்பது அதிகமும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. அதில் சப்பாத்தி மாவு பிசையலாம், பசி அடங்காது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு கப் கெட்டித் தயிர் சாப்பிடலாம். மோர் வேண்டாம், பாதிக்கு மேல் தண்ணி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

அப்புறம், ஏற்காடு பஸ் ஏறுகிற நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மெதுவாக இறங்குகிற பாலோடு 20 கொண்டை ஊசி வளைவு. நான் பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, கண்டக்டர் கவர் கொடுத்தார்.