அறிவிப்பு வரவில்லை என்றால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தமில்லை

போன வாரம் பக்கத்து மேசைத் தம்பி கேட்டான்: "அண்ணா, டெர்மினல்ல ஓட்டினா நோட்டிஃபிகேஷன் வருது, கிரான்ல போட்டா மட்டும் வர மாட்டேங்குது." சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவனாவது கேட்டான். நான் கேட்கவே இல்லை. கிரான் என்பது குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் நிரல்; நோட்டிஃபை-சென்ட் என்பது ஸ்கிரிப்டிலிருந்து திரையில் அறிவிப்பு காட்டச் சொல்லும் கட்டளை. இந்த இரண்டையும் சுற்றித்தான் கதை.

மேற்கோள் குறி விட்டுப்போவது, கட்டளையைத் தப்பாக அடிப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை டெர்மினலே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். அது சொல்லாத தவறுகள்தான் இவை.

கிரானில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

லினக்ஸில் நோட்டிஃபை-சென்ட் திரையில் எதையும் வரைவதில்லை. டி-பஸ் என்ற பாதையில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுப் போய்விடும். அதை எடுத்துக் காட்டுவது க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்பின் வேலை. முழு டெஸ்க்டாப் இல்லாமல் தனி விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு டன்ஸ்ட், மேக்கோ மாதிரி அறிவிப்பு காட்டும் நிரல் ஒன்று ஓட வேண்டும். இந்தப் பாதை நீங்கள் லாகின் செய்யும்போது உங்களுக்கென்று திறக்கப்படுவது. டெஸ்க்டாப்புக்குள் திறந்த டெர்மினலுக்கு அதன் முகவரி தெரியும். கிரானோ ஸ்கிரிப்டைக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு ஓட்டுகிறது. முகவரி தெரியாமல் நோட்டிஃபை-சென்ட் ஒரு பிழையை முனகிவிட்டு நின்றுவிடும்.

அந்த முனகலும் எனக்குக் கேட்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை வழியாக வெளி டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட். தோற்றால் மட்டும் அறிவிப்பு அனுப்பும்படி எழுதியிருந்தேன். வெற்றிக்கெல்லாம் எதற்குத் தொந்தரவு என்ற நினைப்பு. கிரான் வரியின் கடைசியில், எல்லோரும் போடுகிறார்களே என்று, வெளியீட்டையும் பிழையையும் டெவ்-நல் என்ற குப்பைக்குழியில் கொட்டியிருந்தேன். ஒருநாள் வெளி டிஸ்க்கின் மவுண்ட் பாதை மாறிவிட்டது. அன்றிலிருந்து பேக்கப் தினமும் தோற்றது, அறிவிப்பும் தினமும் தோற்றது. அறிவிப்பே வராததைப் பார்த்து, எவ்வளவு கச்சிதமாக ஓடுகிறது என்று நாலு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். லேப்டாப்பின் எஸ்எஸ்டி செத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

முகவரிப் பிரச்சினைக்குத் தீர்வு சுலபம். டி-பஸ் செஷன் முகவரிக்கான சூழல் மாறியை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிஸ்டம்-டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) உள்ள கணினிகளில் அது unix:path= என்று தொடங்கி, ரன், யூசர், உங்கள் பயனர் எண், பஸ் என்று போகும் பாதை; ஒரே பயனர் உள்ள கணினியில் அந்த எண் பெரும்பாலும் 1000. கிரானையே விட்டுவிட்டு சிஸ்டம்-டியின் பயனர் டைமருக்கு மாறினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஆனால் ராத்திரி 2 மணிக்கு நீங்கள் லாகின் செய்தே இருக்காவிட்டால்? காட்ட ஆளே கிடையாது. அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். பேக்கப் வென்றால் ஒரு கோப்பில் நேரத்தை எழுதும். காலையில் நான் லாகின் செய்யும்போது வேறொரு சின்ன ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் பார்க்கும். 2 நாளுக்கு மேல் பழசாக இருந்தால் கத்தும். அப்புறம், டெவ்-நல்லை எடுத்துவிட்டு ஒரு லாக் கோப்பு வைத்தேன்.

சூடோ போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது

ஆகாது. சூடோ போட்டால் ஸ்கிரிப்ட் ரூட் என்ற நிர்வாகிப் பயனராக ஓடும். ரூட் வேறு ஆள், உங்கள் செஷன் அவருடையது அல்ல. ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட், உங்கள் பயனராக மாறி, அதே முகவரியையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

அரைப்புள்ளி போட்டு 'முடிந்தது' என்பது

கட்டளைக்குப் பின் அரைப்புள்ளி போட்டு அறிவிப்பை எழுதினால், கட்டளை தோற்றாலும் 'முடிந்தது' என்றே வரும். கட்டளையின் வெளியேறும் குறியீட்டை (வென்றால் 0, தோற்றால் வேறு எண்) பார்த்துச் செய்தியை மாற்றுங்கள்.

கோப்புப் பெயரை அப்படியே செய்தியில் திணிப்பது

செய்தியின் உடல் பகுதியில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து மாதிரியான குறியீடுகள் செல்லும். அதனால் பெயரில் & அல்லது < இருந்தால் சில டெஸ்க்டாப்புகளில் குழம்பிவிடும்; எச்டிஎம்எல்லில் செய்வதுபோல் மாற்றி அனுப்புங்கள். பெயர் கோட்டுக்குறியில் தொடங்கினால் அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் இரட்டைக் கோடு போடுங்கள்.

எல்லாமே கிரிட்டிக்கல்

கிரிட்டிக்கல் என்பது அவசரத்தின் உச்ச நிலை; அந்த அறிவிப்பு நீங்கள் மூடும்வரை போகாது. வீட்டில் பால் பொங்குவதற்கும் வீடு எரிவதற்கும் ஒரே சத்தமா?

லூப்புக்குள் அறிவிப்பு

வேண்டாம். அனுப்பியே தீர வேண்டுமென்றால், புதிய பதிப்புகளில் பழைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்து அதன் மேலேயே மாற்றி எழுதலாம்.

நேரத்தை நொடியில் கொடுப்பது

அறிவிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கொடுக்கும் எண் மில்லிநொடியில். 5 என்று போட்டுவிட்டு "5 நொடி நிக்க மாட்டேங்குது" என்றவனும் அதே தம்பிதான். 5000 என்று மாற்றினான், அப்போதும் அதே கதை. அவனுடையது க்னோம், அது அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை.