வீட்டிலிருந்தே சேர்க்கைத் தேர்வு எழுதத் தீர்மானிக்கும் முன்

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற வாய்ப்பு வந்தால், பயணம் மிச்சம் என்று உடனே ஒப்புக்கொள்ளாமல், தேர்வு நடக்கவிருக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், உங்கள் அறையில் ஒரு முழு ஒத்திகை பாருங்கள். 2020-இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வை வீட்டுக்கே கொண்டுவர எண்ணிய, அதை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு, எல்லா மாணவருக்கும் காணொளி தாங்கும் இணையம் மூன்று மணி நேரம் அறுபடாமல் கிடைக்க வேண்டுமே என்ற சிக்கலால் ஜூன் மாதம் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது.

ஒத்திகையின்போது வீட்டிலுள்ளவர்கள் வழக்கம்போல் இணையத்தைப் பயன்படுத்தட்டும். நீங்கள் ஒரு காணொளி அழைப்பை விடாமல் ஓடவிட்டு, எப்போது திணறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைஃபையைவிடக் கம்பி இணைப்பு நம்பகமானது.

அடுத்தது கை பழக்கம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வை வீட்டில் எழுதுவோர் சாதாரணத் தாளில் குறிப்பெடுக்க முடியாது. சிறிய வெள்ளைப் பலகையிலோ, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய தாளின் மேலோ அழிக்கக்கூடிய மார்க்கரால் எழுதி, முடிவில் அழித்துக் காட்ட வேண்டும். முனை தடித்த மார்க்கரால் எழுதினால் நான்கே வரிகளில் பலகை நிறைந்துவிடும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். வினாவை முணுமுணுத்தபடி படிப்பவர்கள் அதையும் விட்டுவிடுவது நல்லது. கேமரா வழியே பார்க்கும் கண்காணிப்பாளருக்கு அது யாருடனோ பேசுவதுபோலத் தோன்றக்கூடும்.

விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பும் தேர்வானால், கோப்பின் வகையை முன்கூட்டியே சோதியுங்கள். 2020 மே மாதம், அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடங்களுக்கு எழுதும் ஏபி தேர்வுகளில், ஐபோன் இயல்பாகச் சேமிக்கும் ஹெச்இஐசி வகைப் படங்களைத் தளம் ஏற்காததால், விடை எழுதி முடித்தும் சமர்ப்பிக்க முடியாமல் சிலர் மறுதேர்வு எழுத நேர்ந்தது.

வீட்டிலிருந்து தேர்வு எழுதும் முறையில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், தனியறை உள்ளவருக்கும் ஒரே அறையைக் குடும்பத்துடன் பகிர்பவருக்கும் இது ஒரே தேர்வு அன்று என்றே சொல்வேன். ஆகவே ஒத்திகை சரிப்படாவிட்டால், தேர்வு மையத்தில் எழுதும் வாய்ப்பைத் தயங்காமல் கேளுங்கள். உடற்குறை காரணமாகக் கூடுதல் நேரம் தேவைப்படுவோர் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

தேர்வின் நடுவே இணைப்பு அறுந்தால், விதிமுறை சொல்லும் வழியிலேயே மீண்டும் நுழையுங்கள். தேர்வு முடிந்த கையோடு, அறுந்த நேரம், திரையில் தெரிந்த செய்தி, கண்காணிப்பாளர் சொன்னது ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதிவைத்து, அன்றைக்கே முறையீடாக அனுப்பிவிடுங்கள்.