சர்க்கரை நோயுள்ள பூனையை வீட்டில் விட்டு வேலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

காலை 7 மணிக்கு ராசுவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு 8.15-க்கு வீட்டைப் பூட்டினால், நான் மறுபடி கதவைத் திறக்க மாலை 6.30 ஆகிவிடும். வீடு சேலம் அம்மாபேட்டையில், அலுவலகம் ஐந்து ரோடு பக்கம். மதியம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் அந்த நேரத்துப் போக்குவரத்தில் முடிகிற காரியமில்லை. தம்பிக்கு ஷிப்ட் வேலை, அவன் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. பதினொரு வயதுப் பூனை, கிட்டத்தட்ட பத்து மணி நேரம் தனியாக.

என்னைப் போல இருப்பவர்கள் முதலில் பயப்படுவது சர்க்கரை ஏறிவிடுமோ என்றுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சர்க்கரை இறங்குவதால். ஒரு நாள் முழுக்க 300-ல் இருந்தால் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், மணல் தட்டு நனைந்து கிடக்கும், அவ்வளவுதான். அதே பூனைக்கு ஆளில்லாத வீட்டில் நடுப்பகலில் 40-க்கு இறங்கினால் வலிப்பு வரலாம், மாலை வரை தாங்காமலும் போகலாம். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

முதல் தவறு, காலையில் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து டோஸை நாமே ஏற்றுவது. ஊசிக்கு முன் பார்த்தால் 340 என்று காட்டும். மனசு கேட்காது, 1 யூனிட்டுக்குப் பதில் ஒன்றரை போடுவோம். ஊசிக்கு முன்னால் பார்ப்பது அந்த 12 மணி நேரச் சுற்றில் பெரும்பாலும் உச்ச எண். கிளார்ஜின் போன்ற இன்சுலினில் பல பூனைகளுக்குச் சர்க்கரை மிகக் கீழே வருவது ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள். 7 மணி ஊசி என்றால் பகல் 11-லிருந்து 3-க்குள். அப்போது நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்போம். அந்த இறக்கம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்காமல் டோஸை ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றை ஒட்டி நடப்பது போல.

டோஸ் மாற்றம் எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான். அதையும் வார விடுமுறையில் தொடங்குகிற மாதிரி அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை புது அளவு போட்டால் அன்றும் மறுநாளும் கூடவே இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம், காதோரத்தில் குத்திப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டருக்கு வேண்டியது அந்தத் தாள்தான். கிளார்ஜின் உடம்பில் நிலைப்படச் சில நாள் ஆகும் என்பதால் வழக்கமாக ஒரு வாரம் போலப் பொறுத்துத்தான் அடுத்த மாற்றம் செய்வார்கள். திங்கள் ஏற்றி, புதன் ஏற்றி, வெள்ளி பயந்து இறக்கி என்று போனால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

காதில் குத்துவது கேட்கக் கொடுமையாக இருந்தாலும் பழகினால் பெரிதில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் காதைக் கொஞ்ச நேரம் ஒற்றுங்கள். ஓரத்தில் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும். குத்தியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. இரண்டு வாரத்தில் ராசு தானாக வந்து உட்கார ஆரம்பித்துவிட்டான். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், நடுவில் மாற்றவும் கூடாது.

வீட்டில் பார்க்காமல் கிளினிக்கில் எடுத்த எண்ணை மட்டும் நம்புவதும் தவறுதான். பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே எகிறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்த ரத்தத்தில் 350 வந்தால், நோய் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? ஃப்ரக்டோசமின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்த நேரத்துப் பயம் அதைப் பாதிக்காது, முந்தைய ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைக் காட்டும். கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சிரிஞ்ச். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் சிரிஞ்ச் என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சை எடுத்துக் கொடுப்பார்கள். கிளார்ஜினோ ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் '1' என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். ஐந்து கிலோப் பூனைக்கு இது விளையாட்டில்லை. மாற்றிப் போட்டால், அதாவது 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால், 0.4 யூனிட்தான் போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றத் தோன்றும். பாட்டிலில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டி வாங்கும்போதும் பாருங்கள். 0.3 மி.லி. அளவில் அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்ச் கிடைத்தால் பூனைக்கு அதுதான் வசதி.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு வேறு. தம்பி நைட் ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வந்தவன், நான் குளித்துக்கொண்டிருக்கிறேனே என்று ராசுவுக்கு ஊசி போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். ஏழு மணிக்கு நானும் போட்டேன். எட்டு மணிக்குக் குப்பைத் தொட்டியில் இரண்டு சிரிஞ்ச் கிடந்ததைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். லீவு போட்டுக் கூடவே இருங்கள், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுங்கள், மணிக்கு ஒருமுறை சுகர் பாருங்கள் என்றார். பன்னிரண்டு மணிக்கு 58. ஈறில் தேன் தடவி, சாப்பிட வைத்து, மூன்று மணிக்கு மேல்தான் எண் ஏற ஆரம்பித்தது. நான் அன்று குப்பைத் தொட்டியைப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அன்றிலிருந்து சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர்தான் கணக்கு. ஊசி போட்டவர் அந்த நாள் தாளிலேயே நேரத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். இரண்டு வேளையும் எழுதாமல் தாளைக் கிழிக்கக் கூடாது. செல்போனில் அதற்கென்று செயலிகள் இருக்கின்றன, ஆனால் தூக்கக் கலக்கத்தில் கண்ணில் படுவது சுவர்தான்.

இதோடு சேர்ந்த சந்தேகம் ஒன்று உண்டு. ஊசி தோலுக்குள் போனதா, முடியிலேயே கொட்டிவிட்டதா என்று தெரியாது. விரலில் ஈரம் படும், மருந்து வாடை வரும். எவ்வளவு போயிருக்கும் என்று ஊகித்து மறுபடி போடாதீர்கள். போட்டேனா இல்லையா என்று நினைவில்லாவிட்டாலும் அதே விதிதான். ஒரு வேளை தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு வேளை ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் ஆகும். மறந்த டோஸை அடுத்த வேளையில் சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது.

நேரம் வைப்பதில் பலர் செய்யும் பிழை, தாங்கள் எழும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது. காலை 5.30 ஊசி என்றால் மாலை 5.30-க்கு வீட்டில் இருக்க வேண்டும், யாரால் முடியும்? வீடு திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கொஞ்சம் தாமதமாகிற நாளையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான் 7-க்கு 7 என்று வைத்தேன். ஒரு மணி நேரம் முன்பின் ஆவதைப் பெரும்பாலான டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டு நின்றபடி கேட்கிற கேள்வி இல்லை அது. ஞாயிற்றுக்கிழமையும் அலாரம் உண்டு, ஊசி போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம்.

ஊசி போட்டுவிட்டுத் தட்டில் சாப்பாடு வைத்து ஓடுவதும் வேண்டாம். முதலில் சாப்பாடு. தட்டில் தலையைக் கவிழ்த்துச் சாப்பிடும்போதே விலாப்பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் போட்டால் பூனைக்கே தெரியாது. சாப்பிட மறுத்தால் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். இதை நான் கற்றது மலைப்பாதையில். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் மூன்று நாள் கல்யாணம், ஊசி போட ஆளில்லாததால் ராசுவையும் கூட்டிப் போனேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, ஊசி, உடனே கார். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டான். சாப்பாடு வெளியே வந்துவிட்டது, இன்சுலின் உள்ளே இருக்கிறது. மேலே போய்ச் சேரும்வரை மடியில் வைத்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தால் முதலில் பயணம், போய்ச் சேர்ந்து சாப்பிட்ட பிறகு ஊசி.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் வரும் சிக்கல் பாலும் தயிர்சாதமும். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். மதியம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்வார். "ஏங் கண்ணு, பையன் எந்திரிச்சு நிக்கிறான், ஒரு வாய் பால் ஊத்தட்டுமா?" அன்புதான். "வேண்டாங்கக்கா, டப்பால இருக்கற கோழி மட்டும் வைங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பூனை மாமிசம் தின்னும் பிராணி, அதற்கு வேண்டியது புரதம். அரிசியும் பாலும் மட்டுமில்லை, கடையில் வாங்கும் உலர் தீனியிலும் மாவுச்சத்து அதிகம். மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாறுவது பல பூனைகளுக்குப் பெரிய திருப்பம். வெறும் கோழிக்கறியை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் போன்ற சத்துகள் பற்றாது, அது இடைப்பட்ட தீனியாக மட்டும் இருக்கட்டும்.

இந்த மாற்றத்தைத் திங்கட்கிழமை காலை திடீரென்று செய்யாதீர்கள். உலர் தீனி நின்ற சில நாளிலேயே சர்க்கரை சரசரவென்று இறங்கக்கூடும், பழைய டோஸ் அதிகமாகிவிடும். தீனி மாற்றப் போகிறேன் என்று டாக்டரிடம் சொல்லி, விடுமுறை நாளில் தொடங்கி, தினமும் அளந்துகொண்டே மாற்றுங்கள்.

மருந்தை வைக்கும் இடம். சேலத்துக் கோடையில் பூட்டிய வீட்டுக்குள் அனல்தான். இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரை ஒட்டாமல் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கிப் போடுவதுதான். நாள் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தால், பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் சின்னச் சட்டியில் வைத்து ஈரத்துணியால் மூடிவிட்டுப் போவேன். பைக் பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மதியம் வெயிலில் நின்றால் மருந்து பார்க்க அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

அப்பாவின் சர்க்கரை மாத்திரையில் கால் பங்கு கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். மெட்ஃபார்மின் பூனைக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. அமெரிக்காவில் வாய்வழி கொடுக்கும் சர்க்கரை மருந்துகளான பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022-லும், வெலாகிளிஃப்ளோசின் 2023-லும் பூனைகளுக்கென்றே அனுமதி பெற்றன. ஆனால் அவை ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு ஆகாது, சர்க்கரை சரியாக இருக்கும்போதே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறும் ஆபத்தும் உண்டு.

கீட்டோன் என்றதும் சொல்ல வேண்டியது: சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, சோர்ந்து மூலையில் கிடந்தால் ஞாயிறு வரை பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். அன்றே லீவு. இரவில் தீவிரமானால் எங்கே கொண்டுபோவது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். எங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரத் தொலைவு.

சாவி வைத்திருப்பவருக்காக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தள்ளாடினால், கூப்பிட்டும் வெறித்துப் பார்த்தால், விழுந்து உதறினால், பக்கத்தில் இருக்கும் தேனை ஈறில் தடவுங்கள். வலிப்பின்போது பல்லுக்கிடையில் விரலை விடாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே எனக்கும் டாக்டருக்கும் போன். தேன் வேலை செய்து எழுந்து நடந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இன்சுலின் இன்னும் உள்ளே இருக்கும். தேன் பாட்டில் ஏற்காட்டில் வாங்கியது. அதை யாரும் தோசைக்கு எடுக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. பூனைகளில் சிலவற்றுக்கு, நோய் தெரிந்த சீக்கிரத்திலேயே நல்ல சிகிச்சையும் சரியான தீனியும் கிடைத்தால், இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. அது வரும்போது மணியடித்துச் சொல்லாது. நேற்றுவரை சரியாக இருந்த 1 யூனிட் இந்த வாரம் அதிகமாகத் தோன்ற ஆரம்பிக்கும், ஊசிக்கு முன்னால் பார்க்கிற எண்ணே 150, 130 என்று இறங்கி வரும். எண் நன்றாக இருக்கிறதே என்று அளப்பதை விட்டுவிடுகிற தவறு நடப்பது அப்போதுதான். ராசுவுக்குப் போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து 140-க்குக் கீழே காட்டியது. டாக்டர் அரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். இந்தச் சனிக்கிழமை மறுபடி பன்னிரண்டு மணி நேரம் காதோரம் குத்திப் பார்க்கப் போகிறேன். தம்பியும் ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறான்.