தரங்கம்பாடியில் இரண்டு நாள்: வார இறுதிப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

திருக்கடையூரில் அபிராமி அம்மனை வணங்கிவிட்டுக் காரைக்கால் வழியாக நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ செல்லும் வண்டிகள் தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம் நிற்பது வழக்கம். கோட்டை முன்பு ஒரு படம், அலையோரம் ஒரு படம், வெயிலுக்கு ஓர் இளநீர், அவ்வளவுதான்; வண்டி கிளம்பிவிடும். அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் உச்சிப்பொழுதாகவே அமைவதால், வந்தவர்களுக்கு மணலின் சூடு நினைவில் நிற்கிறதே தவிர ஊர் நிற்பதில்லை. இந்த ஊரை அறிய ஓர் இரவாவது அங்கே தங்க வேண்டும், ஒரு மாலையும் ஒரு விடியற்காலையும் அதன் தெருக்களில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படித் தங்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் ஏற்றவை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கைகளும் திட்டத்தைக் குலைக்கக்கூடும். ஏப்ரல் முதல் சூன் வரை வெயில் கடுமையாக இருப்பதோடு, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் இருப்பதால், கடலோர ஊருக்குப் போய் நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு அந்தக் காலம் ஏமாற்றமாக முடியலாம்.

போய்ச் சேரும் வழி எளிது. தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. அந்தப் பாதை 1980-களில் மூடப்பட்டுவிட்டதால், இன்று ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, பொறையார் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டும். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை மயிலாடுதுறையில் இருக்கலாம். காரில் வருபவர்களுக்குப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் ஆகும். சிதம்பரத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே ஓடும் பேருந்துகள் இந்த ஊரைத் தொட்டே செல்கின்றன.

தங்குமிடத்தை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். கோட்டைக்கு அருகிலேயே பழைய மாளிகைகளைச் சீர்செய்து நடத்தும் விடுதிகள் உண்டு; ஆனால் அறைகள் மிகக் குறைவு. அங்கே கிடைக்காவிட்டால் திருக்கடையூரிலோ காரைக்காலிலோ தங்கலாம். திருக்கடையூரில் விடுதிகள் ஏராளமாக இருந்தாலும், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடத்த வரும் குடும்பங்களால் முகூர்த்த நாள்களில் அவை நிரம்பிவிடும் என்பதால், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வார இறுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சனிக்கிழமை வெயில் ஏறும் முன் வந்து சேர்ந்தால், நேராகக் கோட்டைக்கே போய்விடலாம். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறுகளில் பார்க்கலாம். வியாழன், வெள்ளி என்று விடுப்பு எடுத்து வருபவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. ஊருக்குள் நுழையும்போது, கிங்ஸ் தெருவின் தொடக்கத்தில் வெள்ளை வண்ணத்தில் ஒரு வாயில் நிற்கும். நகரைச் சுற்றி மதில் இருந்த காலத்தின் எச்சமான அந்த வாயில் இன்றைய வடிவில் 1792-இல் கட்டப்பட்டது. அதன் வழியாக நடந்தே உள்ளே செல்லுங்கள். வாயிலிலிருந்து கடல் வரை பத்து நிமிட நடைதான்.

கோட்டையின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைவது மிகவும் உதவும். மிளகு வணிகத்தை நாடி 1616-இல் தொடங்கப்பட்ட டேனிஷ் கிழக்கிந்திய நிறுவனத்தின் சார்பில், ஓவே யெட்டே என்ற இளம் கடற்படைத் தளபதி இந்தக் கரைக்கு வந்தார். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போது நாயக்கர் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. டான்ஸ்போர்க் என்று அவர்கள் பெயரிட்ட இந்தக் கோட்டை அந்த உடன்படிக்கையின் பயனாக எழுந்தது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் வெடிமருந்துக் கிடங்கும் சிறையும் இருந்தன. மேல்தளம் ஆளுநரும் வணிகர்களும் புழங்கிய இடம். மேல்தளத்தின் கூடத்தில், ஒட்டகத்தின் திமில் போன்று வளைந்த கூரைகளை நடுத்தூண் தாங்கி நிற்கும் விதத்தை அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

அந்தக் கூடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் எஸ்கில்ட் கோங்ஸ்பக்கே என்பவர். 1643-க்குப் பிறகு 1669 வரை கால் நூற்றாண்டுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. தாய்நாடு போர்களிலும் கடனிலும் மூழ்கியிருந்தது. இங்கிருந்த டேனியர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, 1655-க்குப் பிறகு எஞ்சிய கோங்ஸ்பக்கே உள்ளூர் மக்களைத் துணையாகக் கொண்டே கோட்டையைக் காத்து, நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் கப்பல் வந்தபோது டேனிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகத்தில் உள்ள பீங்கான்களையும் வாள்களையும் பார்த்துவிட்டு மேலே ஏறிக் கிழக்கே கடலைப் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்திருந்த அந்த மனிதரின் காத்திருப்பு ஓரளவாவது விளங்கும்.

நண்பகலில் அறைக்குத் திரும்பிவிடுங்கள். உணவுக்குப் பொறையார் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கேட்டு அதையே வாங்கிச் சாப்பிடுவதுதான் இந்தப் பகுதியில் சரியான முறை.

மாலை நான்கு மணிக்குப் பிறகு தெருக்களுக்கான நேரம். கிங்ஸ் தெரு மேற்கே வாயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்வதால், சாயும் வெயில் தெருவின் நீளத்துக்கும் விழும். படம் எடுப்பவர்கள் காமிராவை அப்போது வெளியே எடுத்தால் போதும். 1701-இல் அமைந்த சீயோன் ஆலயமும், 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. முன்னது ஐரோப்பியர் வழிபாட்டுக்கென எழுந்தது. பின்னது ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தமது தமிழ்ச் சபைக்காகச் சிலுவை வடிவில் கட்டியது. அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் பெயர்ச்சின்னத்தை மணிமுடியோடு காணலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நடக்கும் என்பதால், உள்ளே சென்று பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமையே பார்த்துவிடுவது முறையாகும்.

சீகன்பால்க் 1706 சூலை 9-ஆம் நாள் புளுட்சோ என்ற நண்பரோடு இங்கே வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர, தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி 1715-இல் நிறைவுற்றது. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரியவையாக இருந்து தாளைத் தின்றதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாளுக்கென்று பொறையாரில் ஆலையும் நிறுவினார்கள். தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வந்தது என்று சிலர் சொல்லக் கேட்பீர்கள், அது சரியன்று. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. எனினும் எழுத்து வார்ப்பு, தாள், அச்சு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, தமிழ் அச்சுத் தொழிலைத் தொடர்ச்சியுடைய ஒன்றாக ஆக்கிய பெருமை இந்தச் சிற்றூருக்கு உண்டு. 1719-இல், 36 வயதில் மறைந்த சீகன்பால்க்கின் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு சீர்செய்யப்பட்டு 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது; அச்சுக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அதற்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயர், திருச்சிராப்பள்ளியில் இருந்து பணியாற்றினாலும், இன்றளவும் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார்.

அங்கிருந்து குயின்ஸ் தெரு, கோல்ட்ஸ்மித் தெரு ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள். பெரிய மாளிகைகளைவிட இந்தத் தெருக்களின் திண்ணை வைத்த ஓட்டு வீடுகளே எனக்கு அதிகம் பிடித்தவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கோல்ட்ஸ்மித் தெருவின் சில வீடுகளைச் சுண்ணாம்பும் மரமும் கொண்டு பழைய முறையிலேயே புதுப்பித்திருக்கிறார்கள். இவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறவாமல், திண்ணையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். இவ்வளவும் எப்படி மாறாமல் நின்றது என்று கேட்டால், வணிகம் கைவிட்டுப் போனதே முதன்மையான காரணம். 1845-இல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. கப்பலும் சரக்கும் அங்கே போய்விட, இங்கே பழையதை இடித்துப் புதியது கட்டும் தேவை யாருக்கும் ஏற்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலை எக்காரணம் கொண்டும் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பே கடற்கரையில் இருக்க வேண்டும். கோட்டையைக் கடந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில் வரும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த இக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் கல் அரணிட்டுக் காத்து, புதுப்பித்திருக்கிறார்கள். இங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. தரங்கம் என்றால் அலை என்பதைக் கொண்டு ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று சுற்றுலாப் பலகைகள் விளக்கம் தருகின்றன. கேட்க இனிமையாக இருந்தாலும், பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதையும், டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது பட்டினம் என்று பெயர் பெற்ற துறைமுகம் என்பதையும் அந்தக் கல்வெட்டு நமக்கு அமைதியாகச் சொல்கிறது. இதை வெறும் டேனிஷ் ஊராக எண்ணித் திரும்புபவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்துவதுண்டு.

அலை தணிந்ததுபோல் தோன்றினாலும் இங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரையோரம் அலையரிப்பைத் தடுக்கக் கொட்டிய பெரும்பாறைகள் வழுக்கும். அவற்றின் இடுக்கில் அலை இழுக்கும் வேகமும் அதிகம். குழந்தைகளைப் பாறைகளின் மேல் ஏறவிடாதீர்கள். காலையில் படகுகள் கரை சேரும்போது மீனவர் பகுதிக்குச் சென்றால், சங்கரா, வஞ்சிரம், இறால், நண்டு என ஏலம் போவதைப் பார்க்கலாம். வேலை நடக்கும் இடம் என்பதால் சற்றே ஒதுங்கி நிற்பது நல்லது.

பிற்பகலுக்கு ஓர் இடம் போதும். திருக்கடையூரை முன்பு பார்த்தவர்கள் பூம்புகாருக்குப் போகலாம். சுமார் 20 கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்து, நாகூரையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டாம். என்னைக் கேட்டால், வேறெங்கும் போகாமல் கோட்டைக்கு முன்னிருக்கும் திடலின் ஓரத்தில், பழைய ஆளுநர் மாளிகையைப் பார்த்தபடி, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருப்பேன். இரவு ரயிலுக்கு மயிலாடுதுறை செல்பவர்கள், ஞாயிறு மாலையில் பேருந்துகளில் கூட்டம் இருக்கும் என்பதால், ரயில் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பாகவே பொறையார் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.